யார் வீட்டு ஜாடை

ஐம்பத்திரண்டு மாடிக் கட்டடத்தின் படிக்கட்டில் பன்னிரண்டு மணி நேரம் ஏறப்போகிறேன் என்று லிஃப்ட்காரர் சொன்னபோது, மெஷின் ரூமில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்? மனிதர் முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் ஒருத்தரும் படி ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். அவரே படி ஏறுகிறேன் என்றால், முடிவெட்டுகிறவர் சடை வளர்க்கிறேன் என்று கிளம்பின மாதிரிதான்.

"அண்ணே, நம்ம பொழப்புல மண்ணைப் போட்டுடாதீங்க" என்றார் கிரீஸ். கிரீஸ் என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. என்ன சட்டை போட்டு வந்தாலும் பத்து மணிக்குள் இடது கையில் கிரீஸ் அப்பிவிடும். இருபது வருடமாக லிஃப்ட்காரரோடு வேலை பார்க்கிறார். இன்னும் அந்தக் கை தேறவில்லை.

லிஃப்ட்காரர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே, பாப்பா பேரில் ஏறுகிறேன் என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பாராட்ட ஆரம்பித்தார்கள். அதற்குச் சிரிப்பே தேவலை என்று அவருக்குத் தோன்றியது.

அந்தக் கட்டடத்தின் நிர்வாகமும், பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாக இதயப் பரிசோதனை செய்கிற ஓர் அமைப்பும் சேர்ந்து நடத்துகிற நிகழ்ச்சி அது. காலை ஆறு முதல் மாலை ஆறு வரை. படியில் ஏற வேண்டும், லிஃப்டில் இறங்க வேண்டும், மறுபடி ஏற வேண்டும். ஏறுகிற மாடிக்கு இவ்வளவு என்று தெரிந்தவர்கள் நன்கொடை எழுதித் தருவார்கள். இருபது முறை ஏறினால் ஒரு பெரிய மலையின் உயரம். போன வருடம் முப்பது வயது ஆள் ஒருத்தர் முப்பத்தெட்டாம் மாடியில் சுருண்டு விழுந்து, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். லிஃப்ட்காரருக்கு ஐம்பத்தாறு வயது.

ஏன் ஏறுகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மகளை இழந்த அப்பா, பாவம், மனசு ஆற வேண்டாமா என்றார்கள். பக்கத்து வீட்டம்மா சொன்னாள், கிரீஸ் சொன்னார், நன்கொடை எழுதிய பல் டாக்டர்கூடச் சொன்னார். தெரியாமல் இருந்தது அவர் ஒருத்தருக்குத்தான்.

பாப்பா என்றால் குழந்தை இல்லை. பத்தொன்பது வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம், அப்பாவைவிட இரண்டு விரல் உயரம். ஆனாலும் வீட்டில் பாப்பாதான். அவள் பிறந்த நாளிலிருந்தே அப்பாவும் அம்மாவும் ஒரு விளையாட்டு ஆடி வந்தார்கள். பிள்ளை பெற்ற எல்லா வீட்டிலும் ஆடுகிற விளையாட்டுதான். மூக்கு யார் ஜாடை, காது யார் ஜாடை, கோபம் யார் வீட்டுச் சொத்து. அம்மாவுக்குப் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை. பிளாஸ்டர் அச்சில் மெழுகு வைத்து ஒவ்வொரு பல்லாக இழைக்கிறவள். பாப்பாவின் முன்பல் ஒன்று லேசாகப் பக்கத்துப் பல்லின் மேல் ஏறி நிற்கும். "அது எங்கம்மா பல்லு, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று சொல்லி, தானே அச்செடுத்தும் கம்பி கட்டாமல் விட்டுவிட்டாள். கணக்கில் வருகிற நல்ல மதிப்பெண் அப்பா வீடு, வராத மதிப்பெண் அம்மா வீடு. மழைக்காலத் தும்மல் அப்பா வீடு. காலையில் எழுப்பினால் வருகிற முறைப்பு சந்தேகமில்லாமல் அம்மா வீடு. பாப்பா நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான்னு ஒருத்தி எங்கயாச்சும் இருக்கேனா, இல்ல எல்லாமே உங்க ரெண்டு வீட்டுச் சாமான்தானா?" என்று கேட்பாள்.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு காலையில் பாப்பா பஸ்ஸுக்கு ஓடினாள். பஸ்ஸைப் பிடித்தும்விட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். தூங்குகிறாள் என்று நடத்துனர் எழுப்பவில்லை. கடைசி நிறுத்தத்தில்தான் தெரிந்தது.

இதயத் தசை பிறவியிலேயே தடித்துப் போயிருந்தது என்றார்கள். வெளியே ஒன்றும் தெரியாதாம். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருவரையும் உட்கார வைத்து முக்கால் மணி நேரம் பேசினாள். படம் எல்லாம் போட்டுக் காட்டினாள். பேசியது பூராவும் காற்றோடு போய், இருவர் காதிலும் தங்கியது ஒரே ஒரு விஷயம்: இது அப்பா அம்மாவில் ஒருத்தரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. இருவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். வெளியே வந்து ஆட்டோவில் ஏறினார்கள். பத்தொன்பது வருடம் ஆடிய விளையாட்டின் கடைசி ஆட்டம் இது என்று இருவருக்கும் புரிந்துவிட்டது.

முடிவு தபாலில் வந்தது. ஒரே நாளில் இரண்டு உறை, இரண்டும் ஒரே கனம். சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேண்டாம் என்றாள் அவள். வேண்டாம் என்றார் அவரும். கிழித்துப் போடவும் கை வரவில்லை.

இங்கே லிஃப்ட் வேலையின் ஒரு சட்டத்தைச் சொல்ல வேண்டும். லிஃப்ட் ஓடுகிற குழிக்குள் ஆள் இறங்கும்போது மெயின் சுவிட்சை அணைத்து, இறங்குகிறவர் தன் சொந்தப் பூட்டைப் போடுவார். சாவி அவர் உடம்பில்தான் இருக்க வேண்டும். நான்கு பேர் இறங்கினால், ஆறு துளை வைத்த ஒரு இரும்புக் கொண்டியில் நான்கு பூட்டு தொங்கும். கடைசி ஆள் மேலே வந்து கடைசிப் பூட்டைக் கழற்றும்வரை முதலாளியே வந்தாலும் கரண்டு கிடையாது. ஒருமுறை கிரீஸ் பூட்டைக் கழற்ற மறந்து வீட்டுக்குப் போய்விட்டார். அவர் மறுபடி பஸ் பிடித்து வந்து சேரும்வரை ஒரு கட்டடமே படியேறியது. ஆனால் பூட்டை ஒருவரும் உடைக்கவில்லை. பூட்டியவர்தான் திறக்க வேண்டும், அவ்வளவுதான்.

லிஃப்ட்காரர் பழைய சாமான் பெட்டி ஒன்றைக் காலி செய்தார். உள்ளே இரண்டு உறை. வெளியே கொண்டி. அதில் அவருடைய சிவப்புப் பூட்டு, பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நீலப் பூட்டு. அவர் சாவி கழுத்துக் கயிற்றில், அவள் சாவி வேலைக்கோட்டின் உள்பையில். இருவரும் சம்மதிக்காமல் பெட்டி திறக்காது. அன்று அது பெரிய புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

அதன் பிறகு ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவள் எடுத்து, எங்களுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அந்த இரண்டு போனை வைத்துக்கொண்டு லிஃப்ட்காரர் ஒரு மாதம் குழம்பினார். எதுவும் இல்லையென்றால் எதற்குக் கூப்பிடுகிறார்கள்? ஏதாவது இருந்தால் இரண்டு போனோடு ஏன் நிறுத்தினார்கள்? அவள் பற்களை இழைத்தாள், அவர் லிஃப்டுகளைப் பார்த்தார். பத்தொன்பது வருடமாக அவரைப் 'பாப்பாப்பா' என்று கூப்பிட்டவள், இப்போது எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. அவருக்கும் 'பாப்பாம்மா' வாயில் வரவில்லை. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாததாலேயே அந்த வீட்டில் பாதிப் பேச்சு நின்றுபோனது.

படியேறும் நிகழ்ச்சியின் விளம்பரத்தை அவர் அந்தக் கட்டடத்து லிஃப்டுக்குள்தான் பார்த்தார். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. பார்த்த அன்றே பெயர் கொடுத்துவிட்டார். டாக்டர் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். தெருமுனை டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்து, இருமச் சொல்லி, நாலு நிமிடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். போய்ச் சேர்ந்தவளுக்கும் இதே டாக்டர்தான் சளிக்கு மருந்து கொடுத்தவர்.

நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்னால் பனியனும் எண் அட்டையும் படிவத்தின் நகலும் தபாலில் வந்தன. பிரித்துப் பார்த்தது அவள். நூலிழை அளவு தூக்கலாக இருக்கிற பல்லைக்கூடக் கண்டுபிடிக்கிற கண் அவளுடையது. அந்தப் படிவத்தை எத்தனையோ பேர் பார்த்திருப்பார்கள், ஒருத்தருக்கும் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது. ஏழாம் கேள்வி: குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா? 'இல்லை' என்ற கட்டத்தில் குறி. பதினோராம் கேள்வி: யாருடைய நினைவாக ஏறுகிறீர்கள்? 'மகள். இதய நோய்.' இரண்டும் ஒரே கையெழுத்து, ஒரே பேனா.

"இது யார் எழுதினது?" என்று கேட்டாள்.

அவர்தான் என்றார். உண்டு என்று போட்டால் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றார்.

"அப்ப தெரிஞ்சுதான் இல்லைன்னு போட்டிருக்கீங்க."

"தெரியாதுன்னு போடக் கட்டம் இல்லையே."

அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஏறுவதென்றால் பெட்டியைத் திறந்து உங்கள் உறையை மட்டும் பார்த்துவிட்டு ஏறுங்கள், நான் என் பூட்டை இப்போதே கழற்றுகிறேன் என்றாள். அவர் முடியாது என்றார். என்னுடையது தெரிந்தால் உன்னுடையதும் தானாகத் தெரிந்துவிடும், ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று என்றார். அவள் சரி என்று எழுந்து போனாள். அந்தச் சரியை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை.

உண்மையைச் சொன்னால், அவருக்கு அவரே புரியவில்லை. அந்த நோய் தன்னிடம் இருந்தால் இப்படி ஏறுவது உயிருக்கு ஆபத்து, அது தெரியும். தன்னிடமே இருந்துவிட வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டார், அவளிடம் இருக்கக் கூடாது. ஆனால் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? விழுந்தால் தெரியும். பன்னிரண்டு மணி நேரம் தாங்கிவிட்டால் தன்னிடம் இல்லை, அப்போது அவளிடம்தான். ஏறி முடிப்பது நல்லதா, விழுவது நல்லதா? பாப்பா பேரில் நன்கொடை சேர வேண்டும், அதற்கு ஏற வேண்டும். ஆகவே காலையில் எழுந்து பயிற்சி செய்தார், கால் வலுவடைந்தது, வலுவடைந்ததைப் பார்த்து வருத்தப்பட்டார். இப்படி ஒரு பைத்தியக்காரத்தனத்தை யாரிடம் சொல்வது? கிரீஸிடம் சொன்னால் கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போயிருப்பார்.

நிகழ்ச்சியன்று மனைவியும் வந்தாள். தரைத்தளத்தில் சுவரோரம் போட்டிருந்த பெஞ்சில், மடியில் ஒரு கனத்த துணிப்பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பையில் என்ன என்று அவர் கேட்கவில்லை, மாற்றுத் துணியாக இருக்கும் என்று நினைத்தார். கிரீஸ் அன்று இறங்குகிறவர்களுக்கான லிஃப்டில் வேலை. மேலிருந்து வருகிற ஒவ்வொருத்தரும், அம்பு கீழே காட்டுவது கண்ணுக்குத் தெரிந்தும், "மேலயா, கீழயா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைத்தார்கள். இத்தனை வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு லிஃப்ட்காரருக்கும் கிரீஸுக்கும் காது புளித்துப் போயிருந்தது.

முதல் மூன்று ஏற்றம் சுலபமாகப் போனது. அதுதான் அவரைக் கலவரப்படுத்தியது. நெஞ்சு கச்சிதமாக அடித்தது, நன்றாக எண்ணெய் போட்ட மோட்டார் மாதிரி. நாலாவதில் முட்டி பேச ஆரம்பித்தது. ஐந்தாவதில் இருபதாம் மாடித் தண்ணீர் மேசைக்காரி, "தாத்தா, உக்காந்துட்டுப் போங்க" என்றாள். தாத்தா என்று சொன்ன கோபத்தில் பத்து மாடி வேகமாக ஏறினார். ஆறாவதில் கண்ணுக்குள் கறுப்பாகப் புள்ளி ஓடியது. நெஞ்சில் ஒரு துடிப்பு தப்பினாற்போல் இருந்தது. இதோ என்று நின்றார். ஒன்றும் ஆகவில்லை. ஏமாற்றமா ஆறுதலா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் மறுபடி ஏறினார்.

ஏழாவது முறை ஏறும்போது, அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று நினைவுக்கு வந்தது. அவர்கள் வீடு நாலாம் மாடி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அவர்கள் கட்டடத்து லிஃப்டே கெட்டுப்போனது. ஊர் லிஃப்டெல்லாம் பார்க்கிறவர் வீட்டு லிஃப்ட் இந்த லட்சணம் என்று பாப்பா கிண்டல் செய்துகொண்டே கூட ஏறினாள். மூன்றாம் மாடித் திருப்பத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது. அவர் என்ன சொன்னார்? "உங்கம்மா வீட்டுச் சோம்பேறித்தனம் அப்படியே வந்திருக்கு, எழுந்திரு." அவள் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள். எழுந்தும் நடந்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அவர் பதினான்கு மாதமாகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என்னம்மா பண்ணுது என்று கேட்டிருந்தால்.

ஐம்பத்திரண்டாம் மாடியைத் தொட்டு லிஃப்டில் இறங்கினார். தரைத்தளத்தில் கதவு திறந்தது. பெஞ்சு காலியாக இருந்தது.

"அண்ணி படியேறிப் போயிட்டாங்கண்ணே" என்றார் கிரீஸ். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "நான் சொல்லிப் பாத்தேன். எண் அட்டை இல்லாம விடமாட்டாங்கன்னேன். 'என் வீட்டுக்காரருக்குத் துணி கொண்டுபோறேன்'னு சொல்லி உள்ள போயிட்டாங்க. கால் மணி நேரம் ஆச்சு."

ஏழு முறை ஏறியும் வராத பயம் லிஃப்ட்காரருக்கு அப்போது வந்தது. தனக்கு இல்லையென்றால் அவளுக்கு. தான் நன்றாக ஏறிய ஒவ்வொரு மாடியும் அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது. அவள் இப்போது அந்தப் படியில்.

கிரீஸை லிஃப்டுக்குள் தள்ளி, தானும் ஏறிக் கதவை மூடினார். எந்த மாடி என்று கேட்டார் கிரீஸ். எந்த மாடி? அவளுக்கும் முட்டி வலி உண்டு, ஒரு மாடிக்கு ஒரு நிமிடம் வைத்தால் பதினைந்து, உட்கார்ந்து உட்கார்ந்து போயிருந்தால் பத்து, பிடிவாதமாகப் போயிருந்தால் இருபது. அவளைப் பொறுத்தவரை பிடிவாதத்துக்குக் குறைவிருக்காது. வாழ்நாளெல்லாம் மாடிக் கணக்கோடு வாழ்ந்தவருக்கு ஒரு எண்ணைச் சொல்ல வாய் வரவில்லை. பதினாலு என்றார், ஏன் பதினாலு என்று தெரியாமல்.

படிக்கட்டுக் கதவைத் தள்ளினார். பனியன் போட்ட இளைஞர்கள் இரண்டு பேர் மூச்சிரைக்கத் தாண்டிப் போனார்கள். மேலும் கீழும் காலடிச் சத்தம். கூப்பிட வேண்டும். என்னவென்று? ஏய் என்றா? வாயைத் திறந்தார், அது தானாக வந்தது.

"பாப்பாம்மா!"

"இங்க" என்றது ஒரு குரல். கிணற்றுக்குள் பேசினாற்போல் மேலேயும் கேட்டது, கீழேயும் கேட்டது. இரண்டு படி இறங்கினார். திரும்பி ஏறினார். பதினைந்து, பதினாறு. பதினேழாம் மாடித் திருப்பத்தில், படியில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் பை. ஒரு கை நெஞ்சில். உதடு வெளுத்திருந்தது.

அவர் அப்படியே மண்டியிட்டார். "என்னம்மா பண்ணுது? நெஞ்சு வலிக்குதா? சொல்லு" என்றார். இரண்டு வருடம் தாமதமாக அந்தக் கேள்வி வந்தது.

"மூச்சு வாங்குது. ஐம்பது வயசுல பதினேழு மாடி ஏறினா வாங்காதா?" என்றாள். கொஞ்சம் மூச்சுப் பிடித்துக்கொண்டாள். "பயந்துட்டீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"ஒரு வாரமா எனக்கு இப்படித்தான் இருக்கு." அவள் குரல் உயரவில்லை. "என்னோடது தெரிஞ்சா உன்னோடதும் தெரிஞ்சிடும்னு நீங்கதானே சொன்னீங்க. பெட்டியில பாத்தாத்தான் தெரியுமா? படியில பாத்தா எனக்குத் தெரியாமப் போயிடுமா? ரெண்டு பூட்டைப் போட்டு வச்சுட்டு, நீங்க மட்டும் பின்பக்கமா சுவரை இடிக்கிறீங்க. நான் இன்னும் என் பூட்டைக் கழற்றலைங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலையே."

முப்பத்தொரு வருடத்தில் ஒருவருடைய பூட்டையும் அவர் உடைத்ததில்லை. பாப்பா மூன்றாம் மாடியில் உட்கார்ந்ததையும், தான் சொன்னதையும் சொன்னார். சொல்லும்போது அழுதார். ஏறி வந்த ஒரு பெண் அவர்களைப் பார்த்துவிட்டு, நிற்கலாமா போகலாமா என்று தயங்கிப் போனாள். மனைவி எல்லாவற்றையும் கேட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார்.

"என்கிட்டயும் சொன்னா, அடிக்கடி தலை சுத்துதுன்னு" என்றாள் அவள். "காலையில சாப்பிடாமப் போனா அப்படித்தான்னு சொன்னேன்."

பையிலிருந்து பெட்டியை எடுத்து இருவருக்கும் நடுவில் படியில் வைத்தாள். வேலைக்கோட்டிலிருந்து கொண்டு வந்திருந்த சாவியால் நீலப் பூட்டைக் கழற்றினாள். சிவப்புப் பூட்டு மட்டும் கொண்டியில் தொங்கியது. அவர் வியர்வையில் நனைந்த கயிற்றைக் கழுத்திலிருந்து எடுத்தார். அந்தச் சாவியால் சிவப்புப் பூட்டைக் கழற்றினார். அவரவர் உறையை அவரவர் பிரிக்கத் துணிச்சல் இல்லை. மாற்றிக்கொண்டார்கள். அவளுடையதை அவர், அவருடையதை அவள்.

அவர் முதலில் பார்த்தார். நீளமான கடிதம். கண் நேராக நடுவில் போய் நின்றது: அந்தக் கோளாறு இவரிடம் இல்லை. மறுபடி படித்தார். இல்லை. உடம்பு முழுவதும் லேசாகிப் போனது. அவளுக்கு இல்லை. அப்படியென்றால் எனக்கு. ஏழு முறை ஏறிவிட்டோமே என்ற பயமும், அவள் பிழைத்தாள் என்ற சந்தோஷமும் ஒன்றாக வந்தன. "உனக்கு இல்லம்மா" என்றார். "என்னோடதுதான்."

அவள் நிமிரவில்லை. கையில் இருந்த கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கலாக இருக்கிற பல்லைத் தேடுகிற பார்வை அது. விரலை ஒரு வரியின் கீழ் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"இதுலயும் இல்லைன்னுதான் போட்டிருக்கு."

தாள் மாறியிருக்கும் என்றார். பெயரைப் பார்த்தார்கள், பிறந்த தேதியைப் பார்த்தார்கள், மாறவில்லை. இரண்டு கடிதத்திலும் கடைசியில் ஒரே பத்தி இருந்தது. சந்திப்பின்போது விளக்கியபடி, சில பிள்ளைகளுக்கு இது பெற்றோர் எவரிடமிருந்தும் வராமல், கருவில் புதிதாகவே உண்டாகிறது, இதற்கு யாரும் காரணம் இல்லை. முக்கால் மணி நேரம் பேசிய டாக்டரம்மா அதையும் சொல்லித்தான் இருக்கிறாள். போன் செய்தது இதைச் சொல்லத்தான் போலிருக்கிறது.

யாரும் காரணம் இல்லை. இதைக் கேட்டுச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் எதையோ பிடுங்கி எடுத்த மாதிரி வலித்தது. பதினான்கு மாதமாகக் கையை மார்பில் வைக்கும்போதெல்லாம், பாப்பாவுடையது ஒன்று இங்கே இருக்கிறது, நான் கொடுத்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது என்று நினைத்து வந்திருக்கிறார். நினைத்து வந்தது அவருக்கே இப்போதுதான் தெரிந்தது. அங்கே ஒன்றுமே இல்லை. வெறும் நல்ல இதயம், பன்னிரண்டு மணி நேரமும் தாங்கும்.

"அப்ப அது எங்கேருந்துதான் வந்துச்சு?" என்றார்.

அவள் இரண்டு கடிதத்தையும் மடித்து ஒரே உறைக்குள் போட்டாள்.

"கேட்டுக்கிட்டே இருப்பாளே, நான்னு ஒருத்தி எங்கயாச்சும் இருக்கேனான்னு. இது ஒண்ணு மட்டும் அவளோடதுங்க, பாப்பாப்பா. யார் வீட்டு ஜாடையும் இல்ல."

அதற்கு மேல் அவளாலும் முடியவில்லை. அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். அவர் பனியனில் எண் அட்டை நனைந்தது. தாண்டிப் போனவர்கள் சுவரை ஒட்டி ஒதுங்கிப் போனார்கள்.

மாடி மாடியாக நிறுத்தித் தேடிக்கொண்டு வந்த கிரீஸ், பதினேழாம் மாடியில் படிக்கட்டுக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். இருவரும் எழுந்து, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு லிஃப்ட் வாசல்வரை வந்தார்கள். அங்கே நின்றுவிட்டார்கள். மேலே போனால் இன்னும் பதின்மூன்று ஏற்றம் பாக்கி, எதற்கு ஏறினோமோ அந்தக் காரணம் இப்போது இல்லை, பிள்ளைகளுக்கான நன்கொடை மட்டும் இருக்கிறது. கீழே போனால் வீடு, இரண்டு பூட்டும் திறந்த ஒரு பெட்டி.

"மேலயாண்ணே, கீழயா?" என்றார் கிரீஸ்.

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள்.

"தெரியலடா" என்றார் அவர்.

உள்ளேயிருந்து மணி விடாமல் அடித்தது. எல்லா மாடியிலும் ஆட்கள் காத்திருந்தார்கள். லிஃப்ட் கதவைக் காலால் தடுக்காதே என்று இருபது வருடமாக ஊரோடு சண்டை போடுகிற கிரீஸ், கதவில் தன் காலை வைத்துக்கொண்டு, அவர்கள் யோசிக்கட்டும் என்று நின்றார்.